தேக்கோங்கில் பிள்ளைகளின் உயிரைக் காப்பது எது?

கேள்வி: "நான் 1989இல் சிங்கப்பூரில் தேசிய சேவை, அதாவது கட்டாய ராணுவப் பணி, செய்தவன். என் மகன் வரும் ஜனவரியில் அடிப்படை ராணுவப் பயிற்சிக்குத் தேக்கோங் தீவுக்குப் போகிறான். எங்கள் காலத்தில் இத்தனை பாதுகாப்பு விதிகள் இல்லை, ஆனாலும் ஆளாகித்தான் வந்தோம். இப்போது எதற்கெடுத்தாலும் பாதுகாப்பு என்கிறார்கள், பயிற்சியே இளகிப்போய்விட்டது என்று என் பழைய நண்பர்கள் சொல்கிறார்கள். அப்படியென்றால் 2018, 2019இல் ஏன் அடுத்தடுத்து உயிர் போயிற்று? ராணுவம் ஆபத்தை உண்மையில் எப்படிக் கையாள்கிறது?"

அண்ணே, நான் 22 ஆண்டு நிரந்தரப் படையில் இருந்தவன். பாதிக் காலம் பயிற்றுநர், கடைசி ஆறு ஆண்டு பாதுகாப்புப் பொறுப்பு. உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். "இளகிப்போய்விட்டது" என்ற சொல்லிலிருந்தே தொடங்குகிறேன். நான் பார்த்தவரை பயிற்சிக் களத்தில் பிள்ளைகளை ஆபத்தில் தள்ளுவதில் அந்தச் சொல்லுக்குப் பெரிய பங்கு உண்டு.

பயிற்சி கடுமையாக இருப்பது வேறு, ஆபத்தாக இருப்பது வேறு. முதுகில் முழுச் சுமையோடு 24 கிலோமீட்டர் நடப்பது கடுமை. இடி இடிக்கும்போது வெட்டவெளியில் அணிவகுத்து நிற்பது கடுமை ஆகாது. அதனால் எந்தத் தசையும் வலுவாகாது. நம் முகாம்களில் "கேட் ஒன்" என்று மின்னல் எச்சரிக்கையை ஒலிபெருக்கியில் சொன்னதும் எல்லோரும் கூரைக்கடியில் போவதைப் பார்த்துவிட்டு, பழைய ஆட்கள் சிரிப்பார்கள். உலகிலேயே மின்னல் அதிகம் விழும் இடங்களில் ஒன்று சிங்கப்பூர். உலோகத் துப்பாக்கியோடு திடலில் நிற்பவனுக்கு அதிலிருந்து கற்றுக்கொள்ள எதுவும் கிடையாது. ஒரு பயிற்சியில் இருக்கும் ஆபத்து அந்தப் பயிற்சியின் நோக்கத்துக்குத் தேவையா என்பதுதான் முதல் கேள்வி. உண்மையான குண்டு போட்டுச் சுடக் கற்பதற்கு ஓரளவு ஆபத்து தேவை. அது இல்லாமல் சுடக் கற்க முடியாது. தேவையில்லாத ஆபத்தை அப்படியே வெட்டிவிட வேண்டும், அதில் வீரம் ஒன்றும் குறைந்துபோகாது.

வேண்டாத ஆபத்துக்கு உலக ராணுவங்கள் அதிகம் சொல்லும் உதாரணம் அமெரிக்காவில் நடந்தது. தென் கரோலினாவில் பாரிஸ் தீவு என்ற இடத்தில் கடற்படைத் துருப்புகளுக்கான பயிற்சி முகாம் இருக்கிறது. 1956 ஏப்ரல் 8 இரவு, ஒழுக்கம் போதவில்லை என்று ஒரு பயிற்றுநர் 74 இளைஞர்களை ரிப்பன் கிரீக் என்ற சதுப்பு ஓடைக்குள் நடத்திக்கொண்டுபோனார். அலை ஏறி இறங்கும் ஓடை அது, இருட்டு வேறு. நீச்சல் தெரியாதவர்களும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். ஆறு பேர் மூழ்கிப் போனார்கள். அந்த நடை எந்தப் பயிற்சித் திட்டத்திலும் இல்லை, மேலதிகாரி யாருக்கும் தெரியாது, மீட்பதற்கு ஒரு கயிறுகூட இல்லை. அதற்குப் பிறகுதான் பயிற்றுநர்கள்மேல் அதிகாரிகளின் கண்காணிப்பு அங்கே இறுகியது. அந்தப் பயிற்றுநரைக் கொடியவர் என்று அவருடைய வீரர்களே சொல்லவில்லை. "கொஞ்சம் பயம் காட்டினால் திருந்துவார்கள்" என்று நினைத்த மனிதர் அவர். நான் பயிற்றுநராக இருந்தபோது எனக்கும் அந்த நினைப்பு வந்த நாட்கள் உண்டு. அதனால்தான் அந்தக் கதையை நான் மறப்பதில்லை.

அதே பாரிஸ் தீவிலிருந்துதான், அதே பத்தாண்டில், நம் பிள்ளைகளை இன்றுவரை காப்பாற்றிக்கொண்டிருக்கும் ஒரு கருவியும் வந்தது. அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். சிங்கப்பூரில் பயிற்சி பெறும் ஒரு பிள்ளைக்கு நான் அதிகம் அஞ்சும் எதிரி தோட்டா இல்லை, வெப்பம்.

ஓடும்போது தசை எரிக்கும் சக்தியில் நான்கில் மூன்று பங்கு வெப்பமாகத்தான் வெளியாகிறது. அந்த வெப்பத்தை உடம்பு வியர்வையால் போக்குகிறது. வியர்வை சொட்டினால் பயனில்லை, ஆவியாகிப் போனால்தான் சூடு போகும். ஒரு லிட்டர் வியர்வை முழுக்க ஆவியானால் ஏறக்குறைய 580 கிலோகலோரி வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். நம் ஊர்க் காற்றில் ஏற்கனவே ஈரம் நிறைந்திருப்பதால் வியர்வை ஆவியாகாமல் சட்டையில் ஊறி, காலணிக்குள் வடிகிறது. உடம்பு தண்ணீரை இழக்கிறது, சூடோ அப்படியே உள்ளே நிற்கிறது.

அதனால் வெறும் வெப்பமானியைப் பார்த்து "இன்று 32 டிகிரிதான்" என்று சொல்வதில் பொருளில்லை. 1950களில் பாரிஸ் தீவில் வெப்பத்தால் விழுந்த வீரர்களை வைத்து ஆராய்ந்தவர்கள் மூன்று வெப்பமானிகளைச் சேர்த்துப் பார்க்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். ஒன்றின் நுனியில் ஈரத் துணி சுற்றியிருக்கும், ஒன்று கறுப்பு உருண்டைக்குள் வெயிலில் நிற்கும், ஒன்று நிழலில் சாதாரணமாக இருக்கும். ஈரத் துணி காட்டுவதில் 70 விழுக்காடு, கறுப்பு உருண்டையில் 20, சாதாரண வெப்பமானியில் 10 என்று எடுத்துக் கூட்டினால் வரும் எண்ணைத்தான் நம் முகாம்களில் டபிள்யூ.பி.ஜி.டி. என்கிறோம். ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். தேக்கோங்கில் நிழலில் 32, ஈரத் துணியில் 27, கறுப்பு உருண்டையில் 45 என்று வைத்துக்கொள்ளுங்கள். எண் 31.1 வரும். வறண்ட பாலைவனத்தில் நிழலில் 40, ஈரத் துணியில் 21, உருண்டையில் 55 என்றால் 29.7தான். எட்டு டிகிரி அதிகம் சுடும் பாலைவனத்தைவிடத் தேக்கோங் உடம்புக்கு மோசம். ஈரத்துக்கு அவ்வளவு கனம் கொடுத்ததுதான் அந்த முறையின் அறிவு.

அந்த எண்ணைப் பார்த்து அமெரிக்க முகாம்களில் கொடி ஏற்றுவார்கள்: பச்சை, மஞ்சள், சிவப்பு, கறுப்பு. 32.2 டிகிரியைத் தொட்டால் கறுப்புக் கொடி. நம் ஆயுதப் படையில் வெள்ளை, பச்சை, மஞ்சள், சிவப்பு, கறுப்பு என்று ஐந்து நிறம். நிறம் ஏற ஏற உழைக்கும் நிமிடம் குறையும், ஓய்வு நிமிடம் கூடும். உங்கள் மகனுக்கு அந்த நிறங்கள் முதல் வாரத்திலேயே மனப்பாடம் ஆகிவிடும். ஓய்வு நேரத்தில் சட்டைப் பொத்தானைத் தளர்த்தி, நிழலில் உட்கார்ந்து, முழங்கை வரை கையைக் குளிர்ந்த நீரில் அமிழ்த்தும் பழக்கத்தையும் சேர்த்திருக்கிறார்கள். பார்க்க விளையாட்டு மாதிரி இருக்கும். கையில் ஓடும் ரத்தம் குளிர்ந்து உள்ளே திரும்புவதால் உடம்பின் சூடு இறங்குகிறது.

இவ்வளவும் இருந்தும் பிள்ளை விழுகிறான். எப்படி என்று நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன், 16 கிலோமீட்டர் நடை. வெயிலே இல்லை, இரவு ஒன்பது மணிக்குமேல் ஆகியிருந்தது. நான் வரிசையின் பின்பக்கம். எனக்கு முன்னால் ஒரு பையன், பள்ளியில் ஓட்டக்காரன், பிரிவிலேயே வலுவானவன். தொடக்கத்தில் எல்லோருக்கும் பாட்டு எடுத்துக் கொடுத்தவன் அவன்தான். பத்தாவது கிலோமீட்டரில் பாட்டு நின்றது. களைப்பு என்று நினைத்தேன். பதின்மூன்றாவதில் அவன் கால் கொஞ்சம் அகல அகலமாக விழுந்தது, நேராக நடக்கத் தெரியாத குழந்தை மாதிரி. பக்கத்தில் போய் "எந்த பிளட்டூன் நீ?" என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே அவன் படித்த தொடக்கப்பள்ளியின் பெயரைச் சொன்னான். "ஓகே சார், என்னால் முடியும் சார்" என்றான். தோளைப் பிடித்து நிறுத்தியபோது என் கையைத் தட்டிவிட்டான்.

பொதியைக் கழற்றிக் கிடத்தி, சட்டையைக் கத்தரித்து, இருந்த தண்ணீரையெல்லாம் ஊற்றி விசிறினோம். மருத்துவ வண்டி வந்தபோது உடம்புச் சூடு 40ஐத் தாண்டியிருந்தது. குளிர் படுக்கையில் போட்டு இறக்கினார்கள். பிழைத்துக்கொண்டான். இன்று அவனுக்கு இரண்டு குழந்தைகள். ஆனால் பாட்டு நின்ற இடத்துக்கும் நான் கேள்வி கேட்ட இடத்துக்கும் நடுவே மூன்று கிலோமீட்டர் இருந்தது. அரை மணிக்கும் மேல். அந்த அரை மணி என்னுடைய தவறு. அதை நான் அறிக்கையிலும் எழுதினேன்.

நான் சொல்ல வருவதெல்லாம் அந்த அரை மணியில் அடங்கிவிடும். விதிப் புத்தகம் என்னிடம் இருந்தது. எண் பார்த்தோம், நிறம் பார்த்தோம், ஓய்வு கொடுத்தோம், தண்ணீர் கொடுத்தோம். அத்தனையும் முடிந்த பிறகு, பக்கத்தில் நடக்கும் ஒருவன் "இவன் சரியில்லை" என்று வாயைத் திறந்து சொல்ல வேண்டியிருந்தது. அவனுடைய ஜோடித் தோழன் அதைப் பத்தாவது கிலோமீட்டரிலேயே கவனித்திருக்கிறான். ஏன் சொல்லவில்லை என்று பிறகு கேட்டேன். "அவனை சாவ் கெங் என்று சொல்லிவிடுவார்கள் சார்" என்றான்.

சாவ் கெங். நீங்களும் அந்தச் சொல்லைச் சொல்லியிருப்பீர்கள், நானும் சொல்லியிருக்கிறேன். உடம்பு சரியில்லை என்று நடித்து வேலையிலிருந்து நழுவுகிறவன். அப்படி நடிப்பவர்கள் இருக்கிறார்கள், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் வெப்பத் தாக்கத்தில் விழுவது பெரும்பாலும் நடிப்பவன் இல்லை. நடிப்பவன் மூன்றாவது கிலோமீட்டரிலேயே உட்கார்ந்துவிடுவான், அவனுக்கு ஒன்றும் ஆகாது. விழுகிறவன் ஆர்வக்காரன். முந்தின இரவு காய்ச்சல் இருந்ததை மறைத்தவன், தொப்பிச் சின்னம் கிடைக்காமல் போய்விடுமோ என்று பயந்தவன், அப்பாவுக்குப் பெருமை சேர்க்க நினைத்தவன். மூளை சூடேறியபின் தனக்கு என்ன ஆகிறது என்று அவனுக்கே தெரியாது. "முடியுமா?" என்று அவனைக் கேட்டால் "முடியும்" என்றுதான் சொல்வான். அதனால் அவனைக் கேட்டு முடிவெடுக்கக் கூடாது.

2018 ஏப்ரலில் பிடோக் முகாமில் நடந்ததை நீங்கள் செய்தியில் படித்திருப்பீர்கள். 19 வயதுப் பிள்ளை, 8 கிலோமீட்டர் விரைவு நடையை முடித்த பிறகு வெப்பத் தாக்க அறிகுறிகள் தெரிந்தன. உச்சி வெயில் இல்லை, காலை நேரம். மாதக் கடைசியில் மருத்துவமனையில் இறந்தான். விசாரணைக் குழு சொன்னதில் என்னை உறுத்தியது இதுதான்: களத்தில் கவனிப்பு போதவில்லை, மருத்துவ நிலையத்துக்குக் கொண்டுபோவதில் தாமதம் நடந்தது. நடை மட்டும் அவனைக் கொன்றுவிடவில்லை, நடைக்குப் பிறகு கடந்த நேரமும் சேர்ந்துகொண்டது.

வெப்பத் தாக்கத்தில் மருத்துவம் எளிமையானது, ஆனால் அவசரமானது. முதலில் குளிர்வி, பிறகு தூக்கிக்கொண்டு போ. வண்டிக்காகக் காத்திருக்கும் ஒவ்வொரு நிமிடமும் உள்ளுறுப்புகள் வெந்துகொண்டிருக்கின்றன. அமெரிக்காவில் ஃபால்மவுத் என்ற ஊரில் கோடையில் நடக்கும் ஓட்டப் பந்தயத்தில், 18 ஆண்டுகளில் வெப்பத் தாக்கத்தில் விழுந்த 274 பேரை அங்கேயே பனிக்கட்டித் தண்ணீர்த் தொட்டியில் அமிழ்த்தினார்கள். 274 பேரும் பிழைத்தார்கள். ஒரு தொட்டி, தண்ணீர், பனிக்கட்டி, தயங்காத இரண்டு பேர், இவ்வளவுதான். பாரசிட்டமால் இதில் வேலை செய்யாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். இது நோய்க் காய்ச்சல் இல்லை. மாத்திரை கொடுத்துவிட்டுக் காத்திருப்பது நேரத்தைக் கொல்வது.

வெயில் நம் ஊருக்கு மட்டும் சொந்தம் என்றும் நினைக்க வேண்டாம். 2013 ஜூலை 13, பிரிட்டனில் வேல்ஸ் மலைப்பகுதியான பிரெக்கன் பீக்கன்ஸ். சிறப்புப் படைத் தேர்வுக்காக 26 கிலோமீட்டர் மலை நடை. கலந்துகொண்டவர்களில் மூன்று பேர் இறந்தார்கள், இருவர் மலையிலேயே, ஒருவர் இரண்டு வாரத்துக்குமேல் கழித்து மருத்துவமனையில். மூவரும் சேமப் படையினர், வேலைக்குப் போய்க்கொண்டே பயிற்சி எடுத்தவர்கள். நடுப்பகலில் இரண்டு வீரர்கள் வெப்பத்தால் பாதிக்கப்பட்டு விலக்கப்பட்டிருந்தார்கள். அந்த நேரத்திலேயே நடையை நிறுத்தியிருக்க வேண்டும் என்று மரண விசாரணை அதிகாரி 2015இல் சொன்னார். ஒருவன் விழுந்தான் என்றால் அது அவனுடைய பலவீனம் இல்லை, எல்லோருக்கும் வந்த எச்சரிக்கை. அந்த வீரர்களின் முதுகில் இருக்குமிடம் காட்டும் கருவியும் இருந்தது. திரையில் ஒரு புள்ளி நகராமல் நின்றது. நகராத புள்ளியைப் பார்த்து உடனே எழுந்து ஓட யாரும் இல்லை. கருவி வாங்குவதோடு வேலை முடிந்துவிடாது என்று நான் பயிற்றுநர்களுக்கு வகுப்பெடுக்கும்போது இதைத்தான் சொல்வேன்.

விதியே தவறாகப் போவதும் உண்டு, அதையும் மறைக்கக் கூடாது. "தண்ணீர் குடி, தண்ணீர் குடி" என்று எல்லா ராணுவங்களும் சொல்லிவந்தன. நம் வாட்டர் பரேட் உங்களுக்கு நினைவிருக்கும்: வரிசையாக நின்று ஒரே மூச்சில் குடித்து, புட்டியைத் தலைக்குமேல் கவிழ்த்துக் காட்ட வேண்டும். நல்ல பழக்கம்தான். ஆனால் அமெரிக்கத் தரைப்படையில் அளவு மீறிக் குடிக்கவைத்ததில், ரத்தத்தில் உப்பு நீர்த்துப்போய் வீரர்கள் இறந்திருக்கிறார்கள். 1998இல் அவர்கள் விதியை மாற்றினார்கள்: மணிக்கு ஏறத்தாழ 1.4 லிட்டருக்குமேல் கூடாது, நாளுக்கு 11 லிட்டரைத் தாண்டக் கூடாது. தலைவலி, வாந்தி, குழப்பம் என்று இரண்டுக்கும் அறிகுறிகள் ஒன்றுபோல இருப்பதால், வெப்பம் என்று நினைத்து இன்னும் தண்ணீர் கொடுத்தால் நிலைமை முற்றும். ஒரு விதி எழுதிவிட்டால் அது கல்வெட்டு இல்லை. விளைவைப் பார்த்துத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும்.

துப்பாக்கிச் சூடு, கையெறிகுண்டு பற்றித்தான் பெற்றோர் அதிகம் பயப்படுவார்கள். நான் அதிகம் பயப்படாத இடம் அது. அங்கே ஒவ்வொரு அடிக்கும் ஒரு ஆள் நிற்கிறார். வெறும் குண்டில் எறிந்து எறிந்து கை பழகிய பிறகுதான் உண்மைக் குண்டு கைக்கு வரும், எறியும் குழிக்குள் பக்கத்திலேயே அதிகாரி இருப்பார். சுடுதளத்திலிருந்து கிளம்புமுன் தோட்டாவோ காலி உறையோ தன்னிடம் இல்லை என்று ஒவ்வொருவனும் உரக்கச் சொல்ல வேண்டும். ஆபத்து கண்ணுக்குத் தெரிவதால் எல்லோரும் விழிப்பாக இருக்கிறார்கள். பழகிப்போன வேலையில்தான் கண் அயர்கிறது.

2012இல் புகைக்குண்டுப் பயிற்சியில் ஒரு பிள்ளை இறந்தான். இரண்டுக்குமேல் எறியக் கூடாது என்று விதி இருந்தது, ஆறு எறியப்பட்டது. புகையில் இருந்த துத்தநாகக் குளோரைடு அவன் உடம்புக்கு ஒவ்வாமல் போயிற்று. புகைதானே என்ற நினைப்பு. 2018 நவம்பரில் பின்னோக்கி வந்த பயோனிக்ஸ் கவச வண்டி, பின்னால் நின்ற லேண்ட்ரோவரின்மேல் ஏறியதில் ஓட்டுநராக இருந்த 22 வயதுப் பிள்ளை போனான். வண்டிகளுக்கிடையே விட வேண்டிய தூரம் விடப்படவில்லை. அதற்குப் பிறகு அந்த வண்டிகளுக்குப் பின்புறக் கேமரா பொருத்த முடிவெடுத்தார்கள். கடைக்குப் போகும் காரில்கூட இருக்கும் கேமரா, கவச வண்டிக்கு வர ஒரு உயிர் போக வேண்டியிருந்தது என்பதை நான் வருத்தத்தோடுதான் எழுதுகிறேன்.

நடிகர் அலோய்ஷியஸ் பாங் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 2019 ஜனவரி 19, நியூசிலாந்தில் வையூரு பயிற்சிப் பகுதி. சேவை முடித்து, மறுபயிற்சிக்குப் போன 28 வயது ஆள். ப்ரைமஸ் பீரங்கி வண்டிக்குள் பழுது பார்த்துக்கொண்டிருந்தபோது, குழாயை இறக்கினார்கள், அதன் அடிப்பாகத்துக்கும் உட்சுவருக்கும் நடுவே சிக்கிக்கொண்டார். நான்கு நாள் கழித்து இறந்தார். போர்ப் பயிற்சியின் உச்சத்தில் நடக்கவில்லை. பராமரிப்பு வேலையின்போது நடந்தது. உள்ளே அவசர நிறுத்தப் பொத்தான் இருந்தது. பதற்றத்தில் அதை அழுத்தாமல், நகரும் குழாயைக் கையால் தடுக்கப் பார்த்திருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கண் முன்னே ஒருவன் நசுங்கும்போது கை தானாக அவனை நோக்கித்தான் போகும். கை பொத்தானை நோக்கிப் போக வேண்டுமென்றால் அதை நூறு முறை பழக்கியிருக்க வேண்டும், சுடுவதைப் பழக்குவது மாதிரி. பொத்தான் எங்கே இருக்கிறது என்று தெரிந்திருப்பது வேறு, இருட்டிலும் அலறலிலும் கை தானாக அங்கே போவது வேறு.

அந்த மரணத்தோடு 18 மாதத்தில் நான்கு தேசிய சேவையாளர்கள் போயிருந்தார்கள். அதற்கு முன் 2013 முதல் 2016 வரை பயிற்சி மரணமே இல்லை என்பதால் அடி இன்னும் பலமாக விழுந்தது. படை முழுக்கப் பயிற்சியை நிறுத்தி, நடைமுறைகளைச் சரிபார்த்து, வேகத்தைக் குறைத்துத்தான் மறுபடி தொடங்கினார்கள். தற்காப்புப் படைத் தலைவருக்கு நேரடியாகப் பதில் சொல்லும் தலைமை ஆய்வாளர் அலுவலகம் அந்த ஆண்டுதான் வந்தது. பயிற்சி நடத்தும் பிரிவே தன்னைத் தானே சோதித்துக்கொள்வதில் இருந்த குறையை அது ஓரளவு தீர்த்தது. வெளியாட்கள் அடங்கிய மறுஆய்வுக் குழு 2013இலிருந்தே இருக்கிறது.

அலுவலகங்களைவிட நான் நம்புவது "தப்பியது" அறிக்கைகளை. யாருக்கும் அடிபடவில்லை, ஆனால் அடிபட்டிருக்கலாம் என்ற சம்பவம். பொதி இறக்கும்போது வண்டி ஒரு அடி உருண்டது, ஓய்வுக்கு நின்றபோது ஒருவன் தன் பெயரைத் திணறிச் சொன்னான், இப்படி. நான் பொறுப்பேற்ற முதல் ஆண்டு என் பிரிவிலிருந்து அப்படி ஒரு அறிக்கைகூட வரவில்லை. மேலே இருந்தவர்கள் பாராட்டினார்கள். எனக்குத் தூக்கம் போயிற்று. நூற்றுக்கணக்கான இளைஞர்கள் ஆயுதத்தோடும் வண்டியோடும் ஓராண்டு வேலை செய்த இடத்தில் ஒன்றுமே தவறவில்லை என்று யாராவது நம்புவார்களா? எழுதினால் தண்டனை என்று பயந்திருக்கிறார்கள். எழுதியவனைத் தண்டிக்கமாட்டேன் என்று அணிவகுப்பில் சொன்னேன், யாரும் நம்பவில்லை. ஒரு கார்ப்பரல் தன் தவறையே எழுதிக் கொடுத்து, அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று மற்றவர்கள் பார்த்த பிறகுதான் தாள்கள் வரத் தொடங்கின. அடுத்த ஆண்டு மேசை நிறைய. மேலே இருந்தவர்கள் கவலைப்பட்டார்கள். நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

இனி உங்கள் மகன். இன்னும் சில வாரம் இருக்கிறது என்றால், குளிரூட்டிய உடற்பயிற்சிக் கூடத்தில் ஓடுவதை விட்டுவிட்டு வெளியே ஓடச் சொல்லுங்கள். வெப்பத்துக்கு உடம்பு பழக 10 முதல் 14 நாள் பிடிக்கும். பழகிய உடம்பு சீக்கிரம் வியர்க்கும், வியர்வையில் உப்பைக் குறைவாக இழக்கும். அவன் உடற்தகுதித் தேர்வில் தேறாவிட்டால் பயிற்சிக் காலம் சில வாரம் கூடும். அதை அவமானமாக வீட்டில் பேச வேண்டாம். மெதுவாக ஏற்றும் வாரங்கள் அவை, அவனுக்கு நல்லது. சின்ன வயதில் வீசிங் இருந்தது, மயங்கி விழுந்தான், ஏதாவது மருந்து ஒத்துக்கொள்ளாது, குடும்பத்தில் யாராவது இளம் வயதில் நெஞ்சுவலியில் போனார்கள் என்றால் மருத்துவப் பரிசோதனையில் ஒன்றுவிடாமல் சொல்லச் சொல்லுங்கள். நல்ல பிரிவு கிடைக்காது என்று மறைக்கிற பெற்றோரை நான் பார்த்திருக்கிறேன். ஏழு மணி நேரத் தூக்கத்தை ராணுவம் கொடுக்கிறது. அதில் இரண்டு மணியைத் திருடிக் கைபேசி பார்ப்பது அவன் கையில் இருக்கிறது.

இன்னொன்றை நீங்கள் செய்ய வேண்டும், வேறு யாராலும் முடியாது. "நாங்களெல்லாம் காய்ச்சலோடு ஓடியவர்கள்" என்று அவனிடம் சொல்லாதீர்கள். ஒருவேளை நீங்கள் ஓடியிருக்கலாம். பிழைத்தவர்கள்தான் அந்தக் கதையைச் சொல்ல முடியும், அண்ணே. அதே மாதிரி ஓடி விழுந்தவன் வந்து சொல்வதில்லை. உங்கள் வாயிலிருந்து "உடம்பு சரியில்லை என்றால் கையைத் தூக்கு, சாவ் கெங் என்று எவன் சொன்னாலும் சொல்லட்டும், நான் சொல்லமாட்டேன்" என்று ஒரே ஒரு முறை கேட்டால், அவன் அதைப் பொதியில் வைத்து எடுத்துக்கொண்டு போவான். தனக்கு மட்டுமில்லை, பக்கத்தில் நடப்பவனுக்காகவும் கையைத் தூக்கச் சொல்லுங்கள்.

சேரும் நாளில் சாங்கியிலிருந்து படகில் நீங்களும் கூடப் போகலாம். படுக்கை காட்டுவார்கள், சமையல்கூடத்தில் அவனோடு சாப்பிடலாம். அங்கிருக்கும் அதிகாரியிடம் கூச்சப்படாமல் கேளுங்கள்: நீண்ட நடையின்போது குளிரூட்டும் வசதி வரிசையோடு வருமா, முகாமிலேயே நிற்குமா? நல்ல அதிகாரிக்கு அந்தக் கேள்வி பிடிக்கும்.

இரண்டு வாரம் கழித்து முதல் விடுப்பில் வருவான். மொட்டைத் தலையும் கறுத்த முகமுமாக, நிறையச் சாப்பிடுவான், நிறையத் தூங்குவான். எத்தனை புஷ்-அப் எடுத்தாய் என்று கேட்காதீர்கள். "இந்த வாரம் யாராவது உடம்பு சரியில்லை என்று சொன்னார்களா? சார்ஜென்ட் என்ன சொன்னார்?" என்று கேளுங்கள். "நிழலில் உட்காரவைத்து வெப்பம் பார்த்தார்" என்றால் அந்தப் பிரிவு நல்ல கைகளில் இருக்கிறது. "எல்லோர் முன்னாலும் கேலி பண்ணினார்" என்றால், ஆயுதப் படைக்கு 24 மணி நேரப் பாதுகாப்புத் தொலைபேசி எண் இருக்கிறது. உங்கள் பிள்ளைக்கு ஒன்றும் ஆகாவிட்டாலும் அன்றே கூப்பிடுங்கள்.